மூன்று மணி பஸ்

அத்தியாயம் 17

ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மாள் போன வாரம் பட்டறை வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனதை அக்காவும் தம்பியும் சேர்ந்துதான் கேட்டார்கள். "வியாழக்கிழமை நாலு மணிக்குள்ள பன்னிரண்டு லட்சம் அட்வான்ஸ் என் கணக்குல ஏறியிருக்கணும். இடத்தைக் கேக்கற டயர்க்காரர்கிட்டயும் இதையேதான் சொல்லியிருக்கேன். யார் பணம் முதல்ல வருதோ அவங்களுக்கு இடம்."

முப்பது வருஷம் பரீட்சைத் தாள் திருத்திய கை. ரிட்டயர் ஆன பிறகும் எல்லாருக்கும் ஒரே கேள்வி, ஒரே நேரம். கெஞ்சினாலும் நடக்காது, அழுதாலும் நடக்காது.

அந்த வியாழக்கிழமை இன்றைக்கு.

ஹெட்மிஸ்ட்ரஸ் விற்கிற இடம் என்றால் பெரிய மாளிகை ஒன்றுமில்லை. அட்டைப்பெட்டிப் பட்டறை நிற்கிற ஷெட், இருபத்தெட்டு வருஷ வாடகை. கீழே பஞ்சிங் மெஷின், ஸ்டேப்ளர் பின் அடிக்கிற மெஷின், பசை டிரம், கூரை வரைக்கும் அடுக்கிய அட்டை. தகரப் படி ஏறினால் மேலே ஒரே ஓர் அறை. அந்த அறையில்தான் பெரியவள் ஆறு வருஷமாகக் குடியிருக்கிறாள். இடம் வேறு கைக்குப் போனால் அவளுக்குப் பிழைப்பும் போகும், தலைக்கு மேல் கூரையும் போகும். சின்னவனுக்கு அந்தக் கவலை இல்லை. இரண்டு தெரு தள்ளி வீடு, வீட்டில் அம்மா, பெண்டாட்டி, பெண்டாட்டிக்குப் பின்னால் முட்டுக் கொடுக்க ஒரு மாமனார்.

பெரியவளுக்கும் ஒரு காலத்தில் புருஷன் இருந்தார். அவர் ஏன் போனார் என்பது தொடரை முதலிலிருந்து படிப்பவர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்கு ஒரே வரி: பட்டறையில் அப்பாவுக்கும் மருமகனுக்கும் வாய்த்தகராறு முற்றி, மருமகன் சட்டையை மாட்டிக்கொண்டு போனவர் போனவர்தான். ஆறு வருஷமாக ஒரு போன் இல்லை, ஒரு பைசா இல்லை. அதற்குப் பிறகு அப்பாவும் போய்ச் சேர்ந்தார். பட்டறை அக்கா தம்பி இரண்டு பேர் தலையிலும் விழுந்தது.

அப்பா விட்டுப்போனதில் பட்டறைக்கு அடுத்தபடி பெரியது ஒரு பழக்கம். பாங்க் வழியாகப் பணம் அனுப்ப கம்ப்யூட்டரில் இரண்டு வழி உண்டு. ஒன்று உடனடி. பட்டனை அமுக்கிய மறு நொடி பணம் அடுத்தவர் கணக்கில் நிற்கும், அப்புறம் குட்டிக்கரணம் போட்டாலும் திரும்பாது. இன்னொன்று சாதாரண டிரான்ஸ்ஃபர். ஒன்பது, பதினொன்று, ஒன்று, மூன்று என்று பாங்க் நேரம் வைத்திருக்கிறது. எல்லார் பணத்தையும் மொத்தமாகச் சேர்த்து அந்தந்த நேரத்துக்கு அனுப்பும், புறப்படுகிற வரைக்கும் ரத்து செய்யலாம். அப்பா உடனடியை ஆட்டோ என்பார், சாதாரணத்தை பஸ் என்பார். "ஆத்திரத்துல இருக்கறவன் ஆட்டோ பிடிப்பான். நாம பஸ்ல போவோம்" என்று சொல்லிச் சொல்லியே மனுஷர் எண்பது வயது வரைக்கும் ஏமாறாமல் இருந்தார்.

பட்டறைக் கணக்கில் இன்னொரு பூட்டும் அவர் போட்டதுதான். பெரியவள் எழுதிப் போட வேண்டும், சின்னவன் ஓகே சொல்ல வேண்டும். இரண்டு பேர் விரலும் படாமல் ஒரு காசு நகராது. ரத்து செய்ய மட்டும் யாராவது ஒருவர் போதும்.

காலை பதினொன்றே முக்காலுக்குச் சண்டை ஆரம்பித்தது.

கண்ணாடித் தடுப்பு போட்ட சின்ன ஆபீஸ் அறை. பெரியவள் கம்ப்யூட்டர் முன்னால். சின்னவன் நாற்காலி இருந்தும் உட்காராமல் மேஜையில் கையூன்றிக்கொண்டு நின்றான். ஹெட்மிஸ்ட்ரஸ் கணக்கு எண்ணை அவள் மூன்று தடவை சரிபார்த்தாள். தொகையை எழுதினாள். எந்த வழி என்று கேட்ட இடத்தில் சாதாரணம் என்று குறித்தாள்.

"உடனடில போடு" என்றான் சின்னவன்.

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு மணி பஸ்ஸில் போனால் ஒன்றரைக்கெல்லாம் ஏறிவிடும், நாலு மணி வரைக்கும் டைம் இருக்கிறது, எதற்கு இந்தப் பறப்பு என்று கேட்டாள். டயர்க்காரன் உடனடியில் போட்டுவிட்டால் என்ன செய்வாய் என்று அவன் எகிறினான். டயர்க்காரர் சரக்கு வாங்கவே மாசக்கடைசியில் பாக்கி சொல்கிறவர், பன்னிரண்டு லட்சத்தை எங்கிருந்து போடுவார் என்று அவள் மடக்கினாள்.

அப்புறம் சும்மா இருந்திருக்கலாம். அவள் வாய் சும்மா இருக்கவில்லை.

"பசைக்காரனுக்கு அனுப்புன எழுபதாயிரம் எங்கடா?"

சின்னவன் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. ஆறு வாரத்துக்கு முன்னால் அவன் அவசர அவசரமாகத் தன் சொந்தக் கணக்கிலிருந்து உடனடியில் அனுப்பிய பணம் அது. ஒரு இலக்கம் மாறி எவனோ ஒருவன் கணக்கில் போய் விழுந்தது. அந்த எவனோ போனை எடுத்து, 'என் கணக்குல வந்தது என் பணம்' என்று சொல்லி வைத்துவிட்டான். பாங்கில் ஒரு மாதமாகக் கடிதம் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதிலிருந்து பசை என்ற சொல்லைக் கேட்டாலே சின்னவனுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"நீ என்ன அப்பாவா? நாற்காலில உக்காந்துட்டா அப்பா ஆயிடுவியா?"

"அப்பா இல்ல. ஆனா கண்ணைத் திறந்துட்டு அனுப்புவேன்."

அவன் வெளியே போய்விட்டான். போனதோடு விடவில்லை, ஓகே சொல்லாமல் போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு டீக்கடையில் போய் உட்கார்ந்துகொண்டான். பன்னிரண்டரைக்கு ஒரு மணி பஸ்ஸுக்கான நேரம் மூடியது. அவசரம் அவசரம் என்று குதித்தவனே தன் வீம்பில் அந்த பஸ்ஸைத் தவறவிட்டான். இந்த வீட்டில் அறிவு எல்லாருக்கும் உண்டு, அதைக் கோபம் வந்த நேரத்தில் எங்கேயோ கழற்றி வைத்துவிடுவார்கள்.

ஒன்று பத்துக்கு ஓகே வந்தது. கூடவே ஒரு குறுஞ்செய்தி: 'மூணு மணிக்குப் போகும். திருப்தியா?'  மூன்று மணிதான் கடைசி பஸ். மூன்றரைக்கு ஏறிவிடும், போதும் என்று விட்டுவிட்டாள். டப்பாவைத் திறந்து இரண்டு வாய் சாப்பிட்டிருப்பாள், ஆபீஸ் போன் அடித்தது.

பத்திரம் எழுதுகிறவர். மரியாதையான மனுஷர், எதற்கெடுத்தாலும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு பேசுவார். ஒப்பந்தம் தயார், ஒரே ஒரு இடம் காலியாக இருக்கிறது, தம்பி போனை எடுக்கவில்லை, அதனால் ஆபீஸ் நம்பருக்குக் கூப்பிட்டேன் என்றார். வாங்குகிறவருடைய தகப்பனார் பெயர் வேண்டுமாம்.

பெரியவள் அப்பா பெயரைச் சொன்னாள்.  அப்பா பெயர் அந்த இடத்துப் பத்திரத்தில் ஏறப்போகிறது என்று ஒரு சந்தோஷம்.

எதிர்முனையில் மூக்கு உறிஞ்சல் நின்றது. "அது தம்பியோட அப்பா பேருல்லம்மா? எனக்கு வேணுங்கறது வாங்குற அம்மாவோட அப்பா பேரு."

"எந்த அம்மா?"

"தம்பி சம்சாரம். அவங்க ஒருத்தங்க பேர்லதான எழுதச் சொன்னாரு."

அவள் தம்பி மாமனாரின் பெயரைச் சொன்னாள். இனிஷியல் கேட்டார், அதையும் சொன்னாள். நன்றி சொல்லிவிட்டு போனை வைத்தாள். டப்பாவை மூடி ரப்பர் பாண்டைப் போட்டாள். ரப்பர் பாண்ட் இரண்டு தடவை வழுக்கியது.

 பட்டறைப் பணம், இரண்டு பேரும் நாலு வருஷம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணம். பசை கிளறிக் கிளறி அவள் உள்ளங்கை மரக்கட்டையாகிக் கிடக்கிறது. அந்தப் பணத்தில் வாங்குகிற இடம், இந்தப் பட்டறையின் படியைக்கூட மிதிக்காத ஒருத்தி பேரில். பட்டறைப் பக்கம் வந்தால் தும்மல் வருகிறது என்று சொல்லும் மகராசி அவள். நாளைக்கு அவளோ அவள் அப்பாவோ மேலே அறையைக் காலி பண்ணு என்றால் யாரிடம் போய் நிற்பது? உடனடி உடனடி என்று அவன் ஒற்றைக் காலில் நின்றது எதற்கு என்று இப்போது விளங்கியது. டயர்க்காரருக்குப் பயந்து இல்லை. அக்கா பத்திரத்தைப் பார்த்துவிடுவாளோ என்று பயந்து.

மணி ஒன்று முப்பத்தைந்து. பஸ் கிளம்ப இன்னும் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் அப்பாவை மனதுக்குள் கைகூப்பிக் கும்பிட்டாள்.

சின்னவன் இரண்டே காலுக்கு வந்தான். நேராகப் பஞ்சிங் மெஷின் பக்கம் போய், ஓடிக்கொண்டிருந்ததை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றான். மெஷின் அட்டையைக் கடித்துத் துப்புகிற சத்தம். பெரியவள் போய் சுவிட்சை அணைத்தாள். மெஷின்காரரிடம் போய் டீ குடித்துவிட்டு வாருங்கள் என்றாள். அவர் பதினைந்து வருஷமாக இந்தக் குடும்பத்தைப் பார்க்கிறவர், துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

"உன் பொண்டாட்டியோட அப்பா பேர் என்னன்னு பத்திரக்காரர் கேட்டாரு. சொல்லிட்டேன்" என்றாள்.

அவன் முகம் ஒரு நிமிஷம் வெளுத்தது. அப்புறம் துணிந்துவிட்டான். திருட்டுத்தனம் வெளியே வந்தால் சின்னவன் எப்போதுமே உரக்கப் பேசுவான், எட்டு வயதிலிருந்து அப்படித்தான்.

"ஆமா. அவ பேர்லதான். என்ன இப்ப?"

"பாதி என் பணம்டா."

"பணம் பட்டறைப் பணம். பட்டறை என் பேர்லயும் உன் பேர்லயும் இருக்கு, யார் இல்லைன்னது? இடம் வேற, பட்டறை வேற."

அவள் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாள். மாமனார் எவ்வளவு போட்டார் என்று கேட்டாள். ஒரு பைசா போடாதவருக்கு எதற்கு இந்த அலங்காரம் என்று கேட்டாள். தும்முகிறவள் பேரில் பட்டறை நடக்குமா என்று கேட்டாள். ஒவ்வொன்றுக்கும் அவன் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தான். மீதிப் பணத்துக்கு பாங்க் கடன் வாங்க மாமனார் ஜாமீன் கையெழுத்துப் போடுகிறாராம், மகள் பேரில் இருந்தால்தான் போடுவாராம். அது கொஞ்சம் நியாயம் மாதிரிகூட இருந்தது. அதோடு நிறுத்தியிருந்தால் பெரியவள் யோசித்திருப்பாள். அவன் நிறுத்தவில்லை.

"உன் பேரையும் போட்டா நாளைக்கு அத்தான் வந்து நிப்பாரு. பொண்டாட்டி சொத்துல எனக்குப் பங்குன்னு வந்து நிப்பாரு. ஓடிப்போனவனுக்கு நான் சொத்து எழுதி வைக்கணுமா?"



ஆறு வருஷத்தில் அவன் அவளை எத்தனையோ பேசியிருக்கிறான். இந்தச் சொல்லை மட்டும் யாரும் அவள் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. அவளே தனியாக, ராத்திரி கண்ணாடியைப் பார்த்துத் தலை வாரும்போது சொல்லிக்கொண்ட சொல் அது. தன் தம்பி வாயிலிருந்து வரும் என்று அவள் நினைத்தே பார்க்கவில்லை. அழுகை வரும் போல இருந்தது, வரவில்லை, அதற்குப் பதிலாகக் கோபம்தான் வந்தது.

"ரெண்டு பேர் பேரும் வரும்னு பத்திரக்காரருக்கு இப்பவே போன் போடு. இல்லேன்னா ரத்து பண்ணிடுவேன்."

"பண்ணு. இடம் டயர்க்காரனுக்குப் போகும். உன் ரூமும் சேர்த்து. பண்ணு பாப்போம்."

அவள் பண்ண மாட்டாள் என்று அவன் நினைத்தான். அவன் போன் போடுவான் என்று அவள் நினைத்தாள். இரண்டு பேரும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள், அந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆபீஸ் அறைக்குப் போய் கம்ப்யூட்டர் முன்னால் அவள் உட்கார்ந்தாள். அவன் கண்ணாடித் தடுப்புக்கு வெளியே கையைக் கட்டிக்கொண்டு நின்றான். சுவர்க் கடிகாரத்தில் இரண்டு நாற்பது, இரண்டு நாற்பத்தைந்து. வாங்கி வைத்த அட்டை ரீல் மேல் ஒரு பூனை படுத்து வேடிக்கை பார்த்தது.

இரண்டு ஐம்பத்திரண்டுக்கு அவள் ரத்து பட்டனை அமுக்கினாள். உறுதியாகத்தானா என்று கம்ப்யூட்டர் கேட்டது. ஆமாம் என்று அமுக்கினாள்.

சின்னவன் போனில் செய்தி விழுந்தது. படித்தான். கதவை அவன் திறந்த வேகத்தில் கைப்பிடி கையோடு வந்துவிட்டது.

"பண்ணிட்டியா? நிஜமாவே பண்ணிட்டியா? உனக்கும் இல்லாம எனக்கும் இல்லாம..." என்று ஆரம்பித்தான். கைப்பிடியை மேஜையில் வைத்தான். அப்புறம் பேசிய பேச்சை அச்சில் போட முடியாது, பத்திரிகைக்கு என்று ஒரு மரியாதை இருக்கிறது. அவளும் சளைக்கவில்லை. பின் அடிக்கிற பெண்கள் இரண்டு பேர் வேலையை நிறுத்திவிட்டு, வேலை செய்கிற மாதிரி குனிந்துகொண்டார்கள்.

மூன்று ஐந்துக்கு மறுபடி ஆபீஸ் போன் அடித்தது. பெரியவள் எடுத்தாள். ஹெட்மிஸ்ட்ரஸ் குரல் கணீரென்று தடுப்புக்கு வெளியேயும் கேட்டது.

"பணம் வந்துடுச்சு. சாப்பிட்டுக் கண்ணசந்துட்டேன், இப்பதான் பாத்தேன். பன்னிரண்டு லட்சமும் சரியா இருக்கு. ரசீது எழுதி வெச்சிருக்கேன், யாராவது வந்து வாங்கிக்கோங்க."

பெரியவள் தம்பியைப் பார்த்தாள். தம்பி பெரியவளைப் பார்த்தான். நீ எனக்குத் தெரியாமல் வேறு எங்கிருந்தோ அனுப்பிவிட்டாயா என்று இரண்டு பேர் கண்ணும் ஒரே கேள்வியைக் கேட்டது.

"எங்ககிட்ட இருந்து வரலீங்களே மிஸ்" என்றாள் பெரியவள். வயது நாற்பத்து நாலு, அந்தக் குரலைக் கேட்டால் இன்னும் மிஸ் என்றுதான் வரும்.

"உங்க வீட்டுலேருந்துதாம்மா வந்திருக்கு. உங்கம்மா கணக்கு. ஒன்னு அம்பதுக்கு."

அம்மா சின்னவன் வீட்டுக் கூடத்தில் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். இரண்டு முட்டியும் ஆபரேஷன் ஆகி மூன்று மாதம். பக்கத்தில் நடப்பதற்கான கம்பிச் சட்டம். மடியில் போன். இரண்டு பிள்ளைகளும் மூச்சிரைக்க உள்ளே வந்ததைப் பார்த்தும் தலையணை உறையின் நாலு மூலையையும் சரியாகப் பிடித்து மடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

சின்னவன் பெண்டாட்டி சமையலறை வாசலில் நின்றாள். அழுதிருந்தாள்.

"உக்காருங்க" என்றாள் அம்மா. யாரும் உட்காரவில்லை.

நடந்ததை அம்மா அவசரப்படாமல் சொன்னாள். காலையில் மருமகள் பக்கத்து அறையில் தன் அப்பாவோடு போனில் பேசியது காதில் விழுந்ததாம். இடம் அவள் பேரில் வருகிறது, வந்ததும் மேலே இருக்கிற அறையை இடித்துவிட்டு அட்டை குடோன் கட்டலாம் என்று பேச்சாம். அம்மா அதைக் கேட்டுவிட்டு யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை. ஹெட்மிஸ்ட்ரஸுக்கு போன் செய்து, யார் பணம் முதலில் வந்தாலும் இடம் அவர்களுக்குத்தானா என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றார் அவர். யாராக இருந்தாலுமா என்று இன்னொரு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டாள்.

"பத்திரம் என் பேர்ல எழுதச் சொல்லிட்டேன். ஒன்னாந்தேதியிலேருந்து ரெண்டு பேரும் எனக்கு வாடகை குடுங்க. மீதிப் பணத்தை அதுலயே கட்டிக்கிறேன். ஜாமீனுக்கு யார் கால்லயும் விழ வேண்டாம்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியாம்மா?" என்று சின்னவன் கத்தினான்.

"நீ என்கிட்ட கேட்டியா?"

அவன் பெண்டாட்டியைப் பார்த்தான். அவள் உள்ளே போய்விட்டாள். உள்ளே ஒரு பாத்திரம் வேண்டுமென்றே கொஞ்சம் பலமாக வைக்கப்பட்டது. சின்னவன் சுவரோரம் போய்ச் சாய்ந்துகொண்டான். வெளியே போகவும் மனசில்லை, அம்மா முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை.

பெரியவளுக்கு ஒரு பக்கம் கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது. இன்னொரு பக்கம் சுருக்கென்றது. அம்மாவிடம் இவ்வளவு பெரிய தொகையை ஒரே நேரத்தில் அனுப்புகிற வசதி எப்படி வந்தது என்று யோசித்தாள், நெற்றியில் அடித்துக்கொண்டாள். செய்தது அவளேதான். முட்டி ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரி கவுண்டரில் நிற்கும்போது அம்மா போனில் உடனடிக்கான உச்ச அளவைப் பதினைந்து லட்சத்துக்கு ஏற்றியவள் அவள். டெபாசிட்டை உடைத்ததும் அவள். எப்படி அமுக்க வேண்டும் என்று படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்ததும் அவள். அளவை மறுபடி குறைக்க வேண்டும், மிச்சத்தை டெபாசிட்டில் போட வேண்டும் என்று மூன்று மாதமாக நாளைக்கு நாளைக்கு என்று தள்ளியவளும் அவளேதான். பட்டறைக் கணக்குக்கு ஆயிரம் பூட்டுப் போட்டாள், அம்மா கணக்கை மட்டும் திறந்து போட்டுவிட்டாள்.

அந்த மிச்சம் எவ்வளவு என்று யோசித்ததும் அவளுக்கு இன்னொன்று உறைத்தது.

ஒன்பது லட்சம். ஆஸ்பத்திரிக்குக் கட்டியது போக அம்மா கணக்கில் இருந்தது ஒன்பது லட்சத்துச் சொச்சம். பன்னிரண்டு எப்படிப் போனது?

"மூணு லட்சம் எங்கேருந்தும்மா வந்துச்சு?"

அம்மா அடுத்த துணியை எடுத்தாள். மடிக்க ஆரம்பித்தாள். 

"அம்மா."

"நீயே பாத்துக்க" என்று போனை எடுத்து நீட்டினாள்.

பெரியவள் வாங்கிப் பார்த்தாள். ஒன்று ஐம்பதுக்குப் போன பன்னிரண்டு லட்சம் மேலே இருந்தது. அதற்குக் கீழே ஒன்று நாற்பத்தாறுக்கு வந்த மூன்று லட்சம், உடனடி வழியில். அனுப்பியவர் பெயர் முழுசாக, இனிஷியலோடு இருந்தது. அந்த இனிஷியலை அவள் ஆறு வருஷமாக எந்தப் பேப்பரிலும் எழுதவில்லை. குறிப்பு எழுதுகிற இடத்தில் இரண்டே சொல்: 'ஞாயிற்றுக்கிழமை வருகிறேன்.'

சின்னவன் எட்டிப் பார்த்தான். 

"எத்தனை நாளா பேசிட்டிருக்க அவரோட?" பெரியவளின் குரல் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை.

ஆபரேஷன் அன்றைக்கு அவர் ஆஸ்பத்திரிக்கு வந்தார் என்றாள் அம்மா. நீ மருந்து வாங்கப் போயிருந்தாய், பத்து நிமிஷம் நின்றுவிட்டுப் போய்விட்டார் என்றாள். அதற்குப் பிறகு வாரம் ஒரு தடவை போன். இன்றைக்கு மூன்று லட்சம் குறைகிறது என்று கேட்டதும் எதற்கு என்று மட்டும் கேட்டாராம். உன் அறையை இடிக்கப் போகிறார்கள் என்று சொன்னதும் நாலு நிமிஷத்தில் பணம் வந்ததாம்.

"திருப்பி அனுப்பு."

"எனக்குத் தெரியாதுடி. உடனே போன பணம் திரும்பாதுன்னு நீதான சொல்லிக் குடுத்த. என் பணமும் போயிடுச்சு, அவர் பணமும் போயிடுச்சு. இடம் வந்துடுச்சு."

பெரியவள் தன் போனை எடுத்தாள். அவளிடம் மூன்று லட்சத்து இருபதாயிரம் இருந்தது. ஒரு ஜோடிச் செருப்புக்கு யோசித்து யோசித்து ஆறு வருஷம் சேர்த்தது. மூஞ்சியில் விட்டெறிய வேண்டும், இப்போதே, இந்த நொடியே. இத்தனை வருஷம் எங்கே போயிருந்தாய் என்று அந்தப் பணமே போய்க் கேட்க வேண்டும். பணம் அனுப்புகிற பக்கத்தைத் திறந்தாள். கணக்கு எண் கேட்க வேண்டிய அவசியம் வரவில்லை. பழைய பட்டியலில், பால்காரருக்கும் மின்சாரத்துக்கும் நடுவில், அந்தப் பெயர் அப்படியே இருந்தது.

"இன்னும் அழிக்கலையா அதை?" என்றான் சின்னவன். இந்தத் தடவை அவன் குரலில் கோபம் இல்லை.

அவள் காதில் வாங்கவில்லை. மூன்று லட்சம் என்று எழுதினாள். எந்த வழி என்று கேட்டது. உடனடி, சாதாரணம். காலையிலிருந்து எந்த வார்த்தைக்காகத் தம்பியைக் கிழித்தாளோ அந்த வார்த்தைக்கு மேல் அவள் விரல் நின்றது. அமுக்கினால் முடிந்தது, திரும்ப வராது. விரல் அங்கேயே நின்றது. ரொம்ப நேரம் நின்றது. அப்புறம் கீழே இறங்கி அடுத்ததை அமுக்கியது.

'நாளை காலை 9 மணிக்கு அனுப்பப்படும். அதுவரை ரத்து செய்யலாம்' என்று போன் சொன்னது.

அம்மா அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. ஒரு துண்டை உதறி மடித்தபடி, "எதுல போட்ட?" என்று கேட்டாள்.

"பஸ்ல."

அம்மா துண்டை மற்ற துணிகளோடு அடுக்கினாள். மேலே கையை வைத்து ஒரு தடவை தட்டிவிட்டாள்.

"சரி. காலைல ஒம்பது மணி வரைக்கும் டைம் இருக்கு" என்றாள்.